கட்டணம் கிடையாது, கெடு உண்டு: மனநல மறுஆய்வு வாரியம் ஒரு சேவையாக எப்படி இருக்கிறது?

ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அது சரிதானா என்று கேட்க உயர் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவோடு போகலாம். அதற்கு வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், வெளியே ஓடியாட ஆள் வேண்டும். காசு கொடுக்காமல் கேட்டு, ஏழு நாளுக்குள் பதில் வாங்கக்கூடிய இடம் ஒன்றுதான்: மனநல மறுஆய்வு வாரியம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உருவாக்கிய ஏற்பாடு இது. சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சட்டத்தில் எழுதியிருப்பதற்கு ஐந்துக்கு நாலரை தரலாம். நோயாளியின் கைக்கு வந்து சேர்வதற்கு இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை. இந்த இடைவெளி வெறும் நிர்வாகக் கோளாறு என்று விட்டுவிட முடியாது. நோயாளியின் உரிமையைக் குறைக்க நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் வாதமே "யாரும் பயன்படுத்தாத பிரிவு எதற்கு?" என்பதுதான். ஆகவே இந்தச் சேவையைச் சரியாகப் பயன்படுத்துவதும், அதைக் கத்தரிக்கும் திருத்தங்களை எதிர்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதி.

முதலில் அமைப்பு. வாரியத்தில் ஆறு பேர். தலைவர் மாவட்ட நீதிபதியாகவோ, அந்தப் பதவிக்குத் தகுதியுள்ள நீதித்துறை அதிகாரியாகவோ, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், மருத்துவர் இன்னொருவர். மீதி இரண்டு இடம் மனநோயோடு வாழ்பவர்களுக்கோ, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ, அவர்களுக்காக இயங்கும் அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கோ உரியது. இந்தச் சேவையின் சிறப்பே அந்த இரண்டு நாற்காலிதான். பழைய 1987 சட்டத்தில் உறவினரோ நண்பரோ விண்ணப்பம் கொடுத்து, இரண்டு மருத்துவச் சான்றிதழும் இருந்தால் 90 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். வெளியே வர நோயாளியோ அவருடைய உறவினரோ நண்பரோதான் மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போக வேண்டும். இப்போது அந்த முதல் காலம் 30 நாள். சேர்த்த விவரத்தை மருத்துவமனையே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பகுதி வாரியத்தைப் பற்றி விசாரிக்கும்போது முதல் கேள்வியாக "அந்த இரண்டு இடமும் நிரம்பியிருக்கிறதா, யாரால்?" என்று கேளுங்கள். இரண்டும் காலியாகக் கிடந்தால் அது மருத்துவர்களும் அதிகாரிகளும் மட்டும் உட்காரும் இன்னொரு கமிட்டி.

விண்ணப்பிக்கும் முறை எளிது. நோயாளியே கொடுக்கலாம். அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், கொடுக்கலாம். நோயாளியின் சம்மதத்தோடு, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் ஆளும் கொடுக்கலாம். கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. உள்ளே இருப்பவர் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ சொன்னாலும், சிறப்புச் சூழலில் அதையே விண்ணப்பமாக வாரியம் ஏற்கலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். வக்கீல்தான் வர வேண்டும் என்றில்லை. நோயாளி தான் விரும்பும் ஒருவரைத் தன் சார்பில் பேச வைக்கலாம். வக்கீல் வேண்டுமென்றால் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதை நோயாளிக்குச் சொல்வது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. தீர்ப்பு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

இனி முக்கியமான இடம். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு விவரம் தெரிந்தாக வேண்டும்: நோயாளியை எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள்? 86-ஆ, 89-ஆ, 90-ஆ? பலரும் இதைக் கேட்காமலே இரண்டு பக்கத்துக்கு மனக்குமுறலை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

86 என்றால் நோயாளி தானாகக் கேட்டுச் சேர்ந்திருக்கிறார். அவருடைய சம்மதமில்லாமல் சிகிச்சை தரக் கூடாது. போகிறேன் என்றால் விட்டுவிட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிகப் பெரிய ஓட்டையும் இதே பிரிவில்தான். சுயவிருப்பச் சேர்க்கையைப் பற்றி வாரியத்துக்கு எந்த அறிக்கையும் போக வேண்டியதில்லை. குடும்பத்தார் நாலு பேர் சுற்றி நிற்க, "கையெழுத்துப் போடு, ரெண்டு நாளில் கூட்டிட்டுப் போயிடுறோம்" என்று சொல்லி வாங்கிய கையெழுத்தும் காகிதத்தில் சுயவிருப்பம்தான். கதவு பூட்டியிருக்கும், கெடு எதுவும் ஓடாது. இதற்கு மருந்து 88-ஆம் பிரிவில் இருக்கிறது. "நான் வெளியேற விரும்புகிறேன்" என்று ஒரு வரி, தேதி, மணி, கையெழுத்து. இதை எழுதிக் கொடுத்த பிறகு, மனநல நிபுணர் (மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர் போன்றவர்) அவரை அதிகபட்சம் 24 மணி நேரம்தான் நிறுத்திவைக்க முடியும், அதுவும் 89-ஆம் பிரிவின்படி சேர்க்கத் தேவையா என்று பரிசோதிக்க மட்டும். அதற்குள் ஒன்று 89-க்கு மாற்ற வேண்டும், இல்லையேல் விட வேண்டும். மாற்றினால் அறிக்கை வாரியத்துக்குப் போயாக வேண்டும். நோயாளி எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். வாயால் சொன்னதை "அப்புறம் சமாதானமாயிட்டார்" என்று எழுதிவிடுவது சுலபம்.

89 என்பது மற்றவர் துணையோடு, அதாவது நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், சேர்ப்பது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாளிலோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர். மற்றவர் மனநல நிபுணராகவோ மருத்துவராகவோ இருக்கலாம். நோய் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. தனக்குத் தானே தீங்கு செய்ய முயன்றார் அல்லது மிரட்டினார்; பிறரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது அச்சம் உண்டாக்கினார்; தனக்கு ஆபத்து நேரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார் என்ற மூன்றில் ஒன்று, அண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி வேறில்லை என்றும் சான்று தர வேண்டும். பெண்கள் என்றால் 3 நாளுக்குள், மற்றவர்கள் என்றால் 7 நாளுக்குள் வாரியத்துக்கு அறிக்கை. தானே முடிவெடுக்கும் திறன் நோயாளிக்குத் திரும்பிவிட்டதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சேர்க்கையை எதிர்த்து விண்ணப்பம் வந்தால் வாரியம் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிறுவர்களுக்கு 87 என்ற தனிப் பிரிவு. 72 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும்.

30 நாளைத் தாண்டினால் 90. இதற்கு இரண்டு மனநல மருத்துவர்கள் பரிசோதித்திருக்க வேண்டும். வாரியம் 21 நாளுக்குள் அனுமதிக்க வேண்டும் அல்லது விடுவிக்கச் சொல்ல வேண்டும். முதல் தடவை 90 நாள், அடுத்து 120, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 180. "29-ஆம் நாள் டிஸ்சார்ஜ் போட்டுவிட்டு மறுநாள் புதிதாகச் சேர்த்தால் என்ன?" என்று யாருக்காவது தோன்றலாம். சட்டத்தை எழுதியவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. 89-இல் இருந்து விடுவித்தவரை ஏழு நாளுக்குள் மறுபடி 89-இல் சேர்க்க முடியாது. 90-இன் கீழ்தான் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் தேதியையும் புதிய சேர்க்கையின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஆக விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். நோயாளியின் பெயர், மருத்துவமனை, சேர்த்த தேதி, எந்தப் பிரிவு, மேலே சொன்ன மூன்றும் ஏன் பொருந்தவில்லை, என்ன உத்தரவு வேண்டும். ஒரே பக்கம். "என் அண்ணன் சொத்துக்காகச் செய்தான்" என்பது உண்மையாகவே இருக்கலாம். வாரியம் அதைத் தீர்க்க உட்காரவில்லை. "அண்மையில் தீங்கு செய்ததாகவோ மிரட்டியதாகவோ எந்தப் பதிவும் கேஸ் ஷீட்டில் இல்லை" என்ற வரிதான் வேலை செய்யும். கேஸ் ஷீட்டைப் பார்க்கும் உரிமை 25-ஆம் பிரிவில் இருக்கிறது. அடிப்படை மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது விதி. ஏழு நாள் கெடுவுக்குள் இது வந்து சேராது என்பதால், முதல் நாளே கேட்டு வைத்துவிட்டு, ஆவணத்துக்குக் காத்திராமல் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு பகுதியைத் தர மறுத்தால், அதை எதிர்த்தும் வாரியத்தையே கேட்கலாம்.

இந்தச் சேவையின் இன்னொரு பாதி, நோய் வருவதற்கு முன்பே பயன்படுத்த வேண்டியது. நமக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம், யார் நம் சார்பில் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு வாரியத்தில் பதிவு செய்துவைக்கலாம். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று இதற்குப் பெயர்; ஐந்தாம் பிரிவு தரும் உரிமை. மைனராக இல்லாத எவரும் எழுதலாம்; நோய் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. நாமே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

எழுதும்போது தவறுவது எங்கே என்றால், தத்துவமாக எழுதுவதில். "என்னை மரியாதையோடு நடத்த வேண்டும்" என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை, யாரும் பின்பற்றப் போவதுமில்லை. "ஹாலோபெரிடால் ஊசி போட்டபோது கழுத்தும் தாடையும் இழுத்துக்கொண்டன, அதைத் தவிர்க்கவும்" என்று மருந்தின் பெயர், என்ன ஆனது, எந்த ஆண்டு என்று எழுதினால் பணியிலிருக்கும் டாக்டருக்குப் பயன்படும். மின் அதிர்வு சிகிச்சை வேண்டாம் என்றால் காரணத்தோடு எழுதுங்கள். எந்த மருத்துவமனை, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது, பிள்ளைகளை யாரிடம் விட வேண்டும் என்பதையும் சேருங்கள். "எந்த மருத்துவமனையும் வேண்டாம்" என்று ஒரே போடாக எழுதினால் அது நெருக்கடியில் நிற்காது. 94-ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்னும் அவசர நிலையில் 72 மணி நேரம் வரை தரும் சிகிச்சைக்கு இந்த அறிவுறுத்தல் பொருந்தாது. அந்த அவசரச் சிகிச்சையில் மின் அதிர்வு மட்டும் கூடாது. அதைச் சட்டமே தடுக்கிறது.

டாக்டருக்கோ உறவினருக்கோ அறிவுறுத்தலைப் பின்பற்ற விருப்பமில்லை என்றால், தூக்கி ஓரமாக வைத்துவிட முடியாது. வாரியத்திடம் போய் மாற்றவோ நீக்கவோ கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பிரதியை உரிய நேரத்தில் டாக்டரின் கையில் சேர்ப்பது நோயாளியின் மீதும் பிரதிநிதியின் மீதும் விழும் பொறுப்பு. பிரதி வந்து சேரவில்லை என்றால் பின்பற்றாததற்கு டாக்டர் மீது குற்றமில்லை. பீரோவில் பத்திரமாக இருக்கும் அறிவுறுத்தல், இல்லாத அறிவுறுத்தலுக்குச் சமம். பிரதிநிதியிடம் ஒன்று, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒன்று, செல்போனில் ஒரு படம், பர்ஸில் "என் பிரதிநிதி இவர்" என்று எண்ணோடு ஒரு சீட்டு.

இதெல்லாம் பெரிய வேலை என்று நினைப்பவர்கள் குறைந்தபட்சம் பிரதிநிதியை மட்டுமாவது நியமித்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். பிரதிநிதியாகிறவரின் சம்மதமும் வேண்டும். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர் முதலிலும், பராமரிப்பவர் அடுத்தும் அந்த இடத்துக்கு வருவார்கள். 89-இல் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுபவர் இந்தப் பிரதிநிதிதான் என்பதை நினைவில் வைத்தால், இந்த ஒரு தாளின் மதிப்பு புரியும். குடும்பத் தகராறு உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மருத்துவர்கள் தரப்பில் சொல்லும் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காகித வேலை அதிகம். ஒரே மனநல மருத்துவர் இருக்கும் ஊரில் இரண்டாவது பரிசோதகரைத் தேடுவது சிரமம். படிவங்கள் ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. படிவத்தைக் குறையுங்கள், கெடுவில் கை வைக்காதீர்கள் என்பதே இதற்கு நாம் சொல்ல வேண்டிய பதில். எதிர்ப்பியக்கம் நடத்துபவர்கள் இந்தக் குறையைக் கேலி செய்து ஒதுக்கினால், திருத்தம் கேட்பவர்களிடம் டாக்டர்களை நாமே அனுப்பிவைத்ததாகிவிடும்.

திருத்த வரைவு எதுவானாலும், முகவுரையையும் அமைச்சரின் அறிக்கையையும் விட்டுவிட்டு நேராகச் சில இடங்களுக்குப் போங்கள். 89-இல் 30 என்ற எண் மாறியிருக்கிறதா. வாரியத்துக்குத் தானாகப் போகும் அறிக்கை "கேட்டால் தரப்படும்" என்று ஆகியிருக்கிறதா. இரண்டு பரிசோதகர் ஒருவராகியிருக்கிறாரா. "அண்மையில்" என்ற சொல் காணாமல் போயிருக்கிறதா. பிரதிநிதியின் வரிசையில் உறவினர், நோயாளி நியமித்தவருக்கு மேலே ஏறியிருக்கிறாரா. கடைசியாக, பலரும் படிக்காமல் தாண்டும் வரையறைப் பிரிவு. மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும், குடும்ப வீடு நீங்கலாக, இன்று "மனநல நிறுவனம்" என்ற வரையறைக்குள் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தது மருத்துவமனையில் அல்ல, தர்காவை ஒட்டி நடந்த தனியார் காப்பகத்தில். சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. வரையறையிலிருந்து "தங்கவைத்துப் பராமரிக்கும்" என்பதை எடுத்துவிட்டால் போதும், 95 அப்படியே இருக்கும், காப்பகங்கள் மட்டும் வெளியே போய்விடும்.

சட்டத்தைத் தொடாமல் விதிகளையும் ஒழுங்குமுறைகளையும் மாற்றுவதும் உண்டு. அரசிதழில் வந்துபோகும், செய்தியாகாது. இன்னொன்று, மனநலமும் மனநோயாளிகளுக்கான இடங்களும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 16-ஆம் இனம். மாநிலச் சட்டமன்றமும் இதில் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். எம்.பி.யை மட்டும் பார்த்துவிட்டு எம்.எல்.ஏ.வை விட்டுவிடக் கூடாது.

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் குழுவும் தனியாகக் கருத்துக் கேட்கும். நேரில் வந்து பேச விருப்பம் என்றால் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். மனுவை நாலு பத்தியாகப் பிரித்த அட்டவணையாகப் போடுங்கள்: பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், வரைவின் வாசகம், நாம் கேட்கும் வாசகம். "இதைக் கைவிடுக" என்பதோடு நின்றால் அதிகாரிக்கு எடுத்து ஒட்ட எதுவும் இருக்காது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு இசையவே 2017 சட்டம் வந்தது என்று அதன் முகவுரையே சொல்கிறது. சட்டத்தின் முன் சமமாக ஏற்பதைப் பேசும் 12-ஆம் உறுப்பையும், தனிமனித சுதந்திரத்தைப் பேசும் 14-ஆம் உறுப்பையும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறிப்பிடலாம். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் மின்னஞ்சல் செய்வதைவிட, வேறு வேறு பிரிவுகளைப் பற்றிப் பத்துப் பேர் எழுதுவது மேல். நோயாளிகளின் பெயரையும் கேஸ் ஷீட்டையும் இணைக்காதீர்கள். குழுவிடம் கொடுத்த காகிதம் எங்கே போய் முடியும் என்பது நம் கையில் இல்லை.

மனுவுக்கு எடை தருவது எண்கள். அவை வாரியத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கருத்தைக் கேட்காமல் பதிவைக் கேளுங்கள்: கடந்த ஆண்டு 89-இன் கீழ் எத்தனை அறிக்கை வந்தது, அதில் எத்தனை கெடுவுக்குள், எத்தனை எதிர்ப்பு விண்ணப்பம், எத்தனை 7 நாளில் முடிந்தது, எத்தனை முன்கூட்டிய அறிவுறுத்தல் பதிவானது, வாரியம் கூடிய தேதிகள், காலியிடங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதில் வர 30 நாள். வரைவுக்குக் கருத்துச் சொல்லும் கெடுவும் 30 நாள் என்பதால், வரைவு வந்த பிறகு கேட்டால் பதில் கைக்கு வரும்போது கெடு முடிந்திருக்கும். இப்போதே ஒன்று போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு வையுங்கள்.